இடது கையின் வேலை

(ஆடித்தபசு நாட்களில் ஒரு மாலை சங்கரன்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் வயலினும், உள்ளூர் இன்னிசைக் குழு ஒன்றில் வாசிக்கும் தம்பியின் கீபோர்டும் இருந்தன. வாசித்துக் காட்டிய இடங்கள் அடைப்புக்குறிக்குள் தரப்பட்டுள்ளன.)



சங்கரன்கோவிலில் மைக்கைப் பிடித்து இசைக் கலப்பைப் பற்றிப் பேச வருகிறவன் முதலில் எதைச் சொல்வான் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால், ஒரே மேனி. இதைவிடப் பெரிய கலப்பு உண்டா என்று கேட்பான். நீங்களும் கைதட்டுவீர்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நம்ம சங்கரநாராயணர் மேனியில் இது இவர், அது அவர் என்று கோடு தெளிவாக இருக்கிறது. நான் வாசிக்கிற மேடையில் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. உன் சாமி பெரிதா, என் சாமி பெரிதா என்று சங்கனும் பதுமனும் சண்டை போட்டார்களே, அந்த இரண்டு நாகங்களின் கதை வேண்டுமானால் என் தொழிலுக்குப் பக்கத்தில் வரும். ஒவ்வொரு ஒத்திகையிலும் அதுதான் நடக்கிறது.

நான் வயலின்காரன். முறையாக வர்ணம், கீர்த்தனை என்று படித்து, பாட்டுக்காரர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவன். பிறகு ஜாஸ் வாசிக்கிறவர்களோடு சேர்ந்து வாசிக்கிற பழக்கம் வந்தது. அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் மாட்டிவிட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வெளிநாட்டில் ஓர் ஊர். பியானோ, பெரிய பாஸ் வயலின், டிரம்ஸ் மூன்றுக்கும் நடுவில் நான். ஒத்திகைக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். பியானோக்காரர் தங்கமான மனிதர். "எந்த சுருதி?" என்று கேட்டார். இரண்டரைக் கட்டை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அவர்கள் கணக்கில் ஈ ஃப்ளாட் என்றேன். மோகனம் வாசிப்பதாக ஏற்பாடு. ஐந்தே சுரம், சிக்கல் இல்லாத ராகம், சீன தேசத்து ஆட்கள் கேட்டாலும் தங்கள் ஊர்ப் பாட்டு என்பார்கள். அதை நம்பித்தான் எடுத்தேன்.

ஆலாபனை ஆரம்பித்து இரண்டு நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. தைவதத்தில் வந்து நின்றேன். மோகனத்தில் நின்று இளைப்பாறத் தோதான இடம் அது. அந்த நேரம் பார்த்து பியானோக்காரர் அடியில் சில சுரங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு கார்டு போட்டார். என் கை நின்றுவிட்டது. நான் வாசித்துக்கொண்டிருந்த ராகம் என் காதுக்கே வேறு ராகமாகிவிட்டது.

என்ன நடந்தது என்று காட்டுகிறேன். தம்பி, வசதிக்காக ஒரு கட்டையே வைத்துக்கொள்வோம். முதலில் ச, க, ப மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். அப்படியே வைத்திருங்கள், நான் மோகனம் வாசிக்கிறேன்.

(வாசிப்பு)

மோகனம்தானே? சந்தேகமில்லை. இப்போது நான் அதே சுரங்களைத்தான் வாசிப்பேன், ஒன்றைக்கூட மாற்ற மாட்டேன். நீங்கள் மட்டும் த, ச, க என்று பிடியுங்கள்.

(வாசிப்பு)

முன்வரிசையில் ஒரு பெரியவர் "சுத்த தன்யாசி" என்கிறார். சரியாகப் பிடித்துவிட்டார். நம்மவர்கள் இதை கிரகபேதம் என்பார்கள். மோகனத்தின் தைவதத்தை சட்ஜமாகக் கொண்டால் சுத்த தன்யாசி. காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளம். ரிஷபத்தைக் கொண்டால் மத்தியமாவதி. பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. பெரிய வித்வான்கள் கச்சேரியில் அரை நிமிடம் இப்படி வேறு வீட்டு வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, சபை சிரித்ததும் தம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். என் விஷயத்தில் நான் எட்டிப் பார்க்கவில்லை. நான் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டையே யாரோ நகர்த்திவிட்டார்கள்.

பியானோக்காரர் மேல் தப்பில்லை. அவர்கள் சங்கீதத்தில் கீழே தரை நகர்வதுதான் கதை. தரை நகர நகர, மேலே உள்ள ஒரே சுரம் ஒரு நேரம் சந்தோஷமாகவும் ஒரு நேரம் துக்கமாகவும் கேட்கும். அது அவர்களுடைய பெரிய வித்தை. நமக்குத் தரை அசையக் கூடாது. தம்புராவில் ஒரே சட்ஜம் விடிய விடிய ஒலித்தாலும் அலுக்காது. அது நகராமல் இருப்பதால்தான் நாம் ஒரு காந்தாரத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஆட முடிகிறது. ஆக ராகத்தை வேறு இசையோடு சேர்க்கும்போது எந்தச் சுரம், எந்தச் சுரம் என்று பார்ப்பது இரண்டாம் பட்சம். தரை யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் பிரச்சினை. பியானோவில் அது இடது கையில் இருக்கிறது.

இடது கை என்று சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு எட்டயபுரம் போய் வருவோம்.

இங்கிருந்து கழுகுமலை, கோவில்பட்டி வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரப் பாதை. எட்டயபுரம் என்றால் பாரதி ஞாபகம் வரும், வரவேண்டியதுதான். ஆனால் உலகத்தில் ராகமும் அயல் இசையும் ஒன்றையொன்று சந்தித்த கதையை யார் எழுதினாலும் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் தீபாவளியன்று காலமானது அங்கேதான். அவர் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. அவர் அங்கே வந்ததே தம்பியைப் பார்க்கத்தான். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான்.

இந்த அண்ணன் தம்பி இருவரும் சின்ன வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார்கள். ஆதரித்தவர் மணலி முதலியார். கும்பினியாரோடு கொடுக்கல் வாங்கல் உள்ள குடும்பம். கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசிக்கும், இவர்கள் கேட்டார்கள். கேட்டது ஒரே இசை. செய்தது வேறு வேறு. நான் சொல்ல வந்த விஷயமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அண்ணன் மெட்டை எடுத்துக்கொண்டார். அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு சுவரங்கள் என்று ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. ஆங்கிலேய ராஜாவை வாழ்த்தும் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாள் பாட்டாகிவிட்டது. எல்லாம் சங்கராபரணச் சுரங்களில் இருக்கும். ஆனால் கமகம் கிடையாது. அந்த ஒலியை அதன் போக்கிலேயே விட்டுவிட்டார். அதில் ராகத்தைத் திணிக்கவுமில்லை, தம்முடைய பெரிய கீர்த்தனைகளுக்குள் அந்தச் சாயலைப் புகுத்தவுமில்லை. விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைத்து உபசரித்து அனுப்பிய மாதிரி. இன்றைக்கும் சின்னப் பிள்ளைகள் ஆசையாகப் பாடுகிறார்கள்.

தம்பி மெட்டைத் தொடவில்லை. வாத்தியத்தை எடுத்துக்கொண்டார். வயலின் கற்றுக்கொண்டு அதில் நம்முடைய சங்கீதத்தை வாசித்தார். அவர் ஒருவர்தான் முதல் என்று சாதிக்க நான் வரவில்லை. தஞ்சை நால்வரில் வடிவேலுவுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு, மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தில் வயலின் பரிசளித்தார். ஆனால் பாலுசுவாமி தீட்சிதர் நம்ம சீமை வித்வான் என்பதால் எனக்கு அவர் பக்கம் கொஞ்சம் சாய்வு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த வயலின் நம்மிடம் வந்தபோது இதற்கு என்ன ஆயிற்று? அங்கே நின்றுகொண்டு, தாடையில் இடுக்கி, வாத்தியத்தின் கழுத்தை இடது கை தாங்க வாசிப்பார்கள். இங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இப்படி, நெஞ்சுக்கும் வலது கணுக்காலுக்கும் நடுவே சாத்திக்கொண்டோம். வாத்தியத்தின் தலை என் காலில் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். அதனால் இடது கைக்குத் தாங்குகிற வேலை போய்விட்டது. தந்தி மேல் மேலும் கீழும் வழுக்கி ஓடலாம், கமகத்துக்கு வழி திறந்துவிட்டது. நாலு தந்திக்கும் நாலு வெவ்வேறு சுரம் வைப்பது அவர்கள் வழக்கம். நாம் ச, ப, ச, ப என்று கூட்டிக்கொண்டோம். தம்புராவையே வயலினுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மரத்தில் ஓர் ஆணிகூட மாறவில்லை. உட்காருகிற விதம் மாறியது, சுருதி கூட்டுகிற விதம் மாறியது. இருநூறு வருஷத்தில் இது சீமையிலிருந்து வந்த சரக்கு என்பதே மறந்துவிட்டது. வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியை இன்றைக்கு யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

அண்ணன் செய்தது அழகு. தம்பி செய்தது நிலைத்தது. நான் தம்பி கட்சி.

அதே வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். தாத்தாவே தத்து எடுத்துக்கொண்டார். அவர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எட்டயபுரத்து அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில், 1904-இல் வந்தது. ஆயிரத்து எழுநூறு பக்கம். அந்தப் புத்தகத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ஒருவர் சின்னசாமி முதலியார். கிறிஸ்தவர், சென்னை சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். நம் சங்கீதத்தை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் எழுதிவிட வேண்டும் என்று கைக்காசையும் உடம்பையும் செலவழித்தவர். எழுத உட்கார்ந்ததும் அவருக்குப் புரிந்திருக்கும், சுரத்தை எழுதிவிடலாம், சுரம் ஆடுகிற ஆட்டத்தை எப்படி எழுதுவது என்று. பிரதர்சினியில் ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் தனித்தனிக் குறி போட்டிருக்கிறார் சுப்பராம தீட்சிதர். சுரத்துக்கு மேலே நெளி, வளைவு, கோடு என்று. பக்கத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அந்த எறும்புதான் ராகம்.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி, தோடி காந்தாரத்தைக் கீபோர்டில் ஒரு தடவை தட்டுங்கள்.

(வாசிப்பு)

சரியான கட்டைதான். ஆனால் தோடி எங்கே? இதோ வயலினில்.

(வாசிப்பு)

கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு நடுவில் ஊஞ்சலாடுகிறது. காந்தாரம் என்று பேர் வைத்திருக்கிறோமே ஒழிய, காந்தாரத்தில் அது நிற்கிற நேரம் கொஞ்சம்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் தோடி வாசித்தார் என்று சொல்கிறோமே, அவர் இந்த ஊஞ்சலில்தான் உட்கார்ந்திருந்தார். ஊஞ்சல் ஆடும்போது அடியில் ஒரு கார்டைப் போட்டு ஆணி அடித்தால் என்ன ஆகும்?

அதனால் யாராவது என்னைத் தோடி வாசிக்கக் கூப்பிட்டு, பின்னால் பியானோ கார்டும் வேண்டும் என்றால் மாட்டேன் என்றுவிடுவேன். கார்டோடு ஒத்துப்போகும் சங்கராபரணம், கீரவாணி, ஆபேரி என்று நமக்கு எவ்வளவோ இருக்கின்றன. எல்லா ராகத்தையும் எல்லாரோடும் உட்கார வைக்க முடியாது. சம்பந்தம் பேசப் போகிறவன் பையனுக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பார்க்க மாட்டானா?

தாளத்தில் இந்தத் தொல்லை இல்லை. கணக்கு எந்த ஊரிலும் கணக்கு. ஏழைந்து முப்பத்தைந்து என்று யார் எண்ணினாலும் சமத்தில் வந்து சேருவார்கள். கலப்புக் கச்சேரிகள் எல்லாம் கடைசியில் தாளச் சண்டையாக முடிவதற்கு அதுதான் காரணம். அதில் எனக்குப் புகாரும் இல்லை, பெரிய ஆர்வமும் இல்லை.

தம்பி கட்சி என்றேனே, அந்தக் கட்சியில் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரரைச் சொல்கிறேன். ஜான் மெக்லாலின், கிடார் வாசிக்கிறவர். இவரும் வயலின் சங்கரும் தபலா ஜாகிர் ஹுசேனும் கடம் விக்கு விநாயகராமும் சேர்ந்ததுதான் 'சக்தி'. 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் வாசித்தது அவர்களுடைய முதல் இசைத்தட்டாக வந்தது. நம்ம கடம் அங்கே தனியாவர்த்தனம் செய்ததை எல்லாரும் பேசுவார்கள். எனக்கு முக்கியம் அந்தக் கிடார். அதற்கு முன்பே மெக்லாலின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றிருந்தார். வீணையில் கமகம் எப்படி வருகிறது? தண்டில் வரிசையாகப் பதித்த மெட்டின் மேல் தந்தியை இழுக்கிறோம். கிடாரில் விரல் மரத்தில் முட்டுகிறது, அந்த அளவு இழுக்க முடியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா, மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் உள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கச் சொன்னார். அடியில் சுருதிக்காகக் குறுக்கே வேறு தந்திகள் போட்டுக்கொண்டார். கார்டு போட்டுப் புகழ் பெற்ற மனிதர், தம் இடது கைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ராகம் அவரிடம் வந்தது. அந்தக் கூட்டம் பிற்பாடு ஆள் மாறி, சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், செல்வகணேஷ் எல்லாரும் சேர்ந்து 2023-இல் ஒரு தொகுப்பு போட்டார்கள். 2024-இல் கிராமி கிடைத்தது. பரிசைச் செய்தியாகப் போட்டார்கள், அந்தக் குடைந்த மரத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத்தும் அப்படித்தான். நாகஸ்வரக்காரர் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கினார். கட்டை வைத்து மூடித் திறக்கிற குழலில் கமகம் பிடிக்க வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். பிறகு அமெரிக்க ஜாஸ் வித்வான் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு அவர் வாசித்த 'கின்ஸ்மென்' 2008-இல் வந்தது. இருவர் கையிலும் ஒரே வாத்தியம். ஒருவர் மூச்சில் நாகஸ்வரம், இன்னொருவர் மூச்சில் நியூயார்க். கேட்டுப் பாருங்கள்.

நாகஸ்வரம் என்றதும் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன். இந்தக் கலப்பெல்லாம் மெட்ராஸ்காரனும் அமெரிக்காக்காரனும் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். நம்ம ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் ஓர் இங்கிலீஷ் நோட்டு செய்தார். மதுரை மணி அய்யர் அதைக் கச்சேரி முடிவில் பாடினால்தான் ஜனம் எழுந்து போகும். காருகுறிச்சி அருணாசலம் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு ஆபேரியில் வாசித்தார். 1962. ஜானகி அம்மா குரலும் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்டுவிட்டு, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட சுரம் பாடினார். இதோ பக்கத்தில் சென்னிகுளம். அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குப் பாடிய காவடிச்சிந்து, காவடி எடுத்து ஆடுகிறவனின் காலடிக்காகக் கட்டியது. அது ஏறாத கர்நாடக மேடை உண்டா? நடுத்தெருவும் சபாவும் இங்கே ரொம்பத் தூரமில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கொடைக்கு நையாண்டி மேளம் வரும். அதில் நாயனம் வாசிக்கிற ஒரு மாமா. கரகாட்டக்காரிகள் ஆடுவார்கள், இவர் சினிமாப் பாட்டாக ஊதித் தள்ளுவார். பம்பையும் தவிலும் காதைக் கிழிக்கும். ஆட்டக்காரிகள் தண்ணீர் குடிக்க ஒதுங்கியதும் கூட்டம் கொஞ்சம் கலையும். அந்த இரண்டு நிமிடம் அவருடையது. சீவாளியைத் துடைத்து, வாயில் நனைத்து, கரகரப்பிரியாவில் ஒரு பிடி பிடிப்பார். சுருதிக்காக ஊதுகிற ஒத்து மட்டும் பின்னால் ஒலிக்கும். தவில்காரர் கையை மடியில் வைத்துக்கொள்வார். ஆட்டம் மறுபடி ஆரம்பித்ததும் அந்த ராகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்த சினிமாப் பாட்டுக்குள் நுழைந்துவிடுவார். எங்கே தைத்தார் என்று தையல் தெரியாது.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டேனே, ஊருக்கு வந்ததும் அந்த ஒலிப்பதிவை அவரிடம் போட்டுக் காட்டினேன். வயதாகிவிட்டது, பல் போய் ஊதுவதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக் கேட்டார்.

"எய்யா, அந்தப் பெட்டி வாசிக்கிறவரு நல்ல வித்வாந்தான். ஆனா ஒனக்கு ஒத்து யாருய்யா ஊதுனது?"

"யாரும் இல்ல மாமா."

"அதான பாத்தேன். ஒத்து இல்லாம நாயனத்த எடுக்கலாமாய்யா?"

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பயணத்தில் மறுநாள் இன்னொரு கச்சேரி இருந்தது என்று நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை. மாமாவுக்கும் முதல் நாள் பதிவைத்தான் போட்டேன், இரண்டாவதை அப்புறம்தான் போட்டேன். முதல் நாள் இரவு சாப்பாட்டு மேஜையில் பியானோக்காரரிடம் கிரகபேதத்தை எழுதிக் காட்டினேன். கரண்டியால் மேஜையில் தட்டிக்கொண்டே யோசித்தார். மறுநாள் மேடையில் நான் மோகனம் ஆரம்பித்ததும் அவர் எழுந்து நின்றார். இடது கையைப் பியானோவின் பெட்டிக்குள் விட்டு, தந்திகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலது கையால் சட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் தட்டினார். அழுத்தின தந்தி அல்லவா, 'டும்' என்று மரத்தில் தட்டின மாதிரி ஓர் ஒலி. பத்து நிமிடம் அந்த இரண்டு சுரத்தைத் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை. நான் மேல் சட்ஜத்துக்குப் போய்த் திரும்பி, "இனி உங்கள் முறை" என்று தலையை ஆட்டினேன். அப்போதுதான் கையை வெளியே எடுத்து உட்கார்ந்தார். முதல் கார்டு விழுந்தபோது எனக்கே புல்லரித்தது. அதே த, ச, க கார்டுதான். இந்தத் தடவை நான் அங்கே ராகம் வாசிக்கவில்லை, வெறுமனே காந்தாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் தரையை நகர்த்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்ட பிறகு மாமா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

இப்போதெல்லாம் சில ஏற்பாட்டாளர்கள் போன் செய்து, "சார், ஒரு ஃப்யூஷன் அயிட்டம், ஆறு நிமிஷம், கடைசியில ஸ்பீடா முடிச்சுருங்க" என்கிறார்கள். ஆறு நிமிடத்தில் நானும் இன்னொருவரும் ஒருவர் பாஷையை ஒருவர் கேட்டு முடிக்க முடியாது. மரியாதையாக மறுத்துவிடுவேன். வருமானம் குறைகிறது என்பது உண்மைதான், அது வீட்டில் பேச வேண்டிய விஷயம்.

நேரமாகிவிட்டது, அம்மன் புறப்பாடு வருவதற்குள் வாசித்து முடிக்க வேண்டும். இந்தத் தம்பி இன்று மத்தியானம்தான் எனக்கு அறிமுகம். கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, பார்த்தீர்களா? சுரத்தை மேலேயும் கீழேயும் வளைக்க வைத்திருக்கிறார்கள். கோவில் விழாக்களில் நாகஸ்வரப் பாட்டு வந்தால் அதைப் பெருவிரலால் தள்ளித் தள்ளித்தான் கமகம் கொண்டுவருவதாகத் தம்பி சொன்னார். யாரும் சொல்லித் தரவில்லையாம், கேட்டுக் கேட்டுத் தானே பழகிக்கொண்டாராம். கரகரப்பிரியா வாசிப்போம். மாமா ஞாபகமாக இருக்கட்டும்.

தம்பி, ஒலிபெருக்கிக்காரரிடம் தம்புராவைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். சரி. இடது கையைக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பெருவிரல் சக்கரத்தில் இருக்கட்டும். நான் ரிஷபத்தில் நிற்கிறேன். நீங்கள் மெதுவாக வாருங்கள்.

(வாசிப்பு)